ஸ்கைலாப் விழுந்த வருசம் எங்க வீட்டுக் கோழிகள்

போன பௌர்ணமிக்கு மறுநாள் காலையில வாழைக்குத் தண்ணி பாய்ச்சிக்கிட்டு நின்னேன். இடுப்புல இருந்த போன் அடிச்சுது. சென்னையில வேலை பார்க்கிற என் மகன்.

"அப்பா, எங்க நிக்கிய? அம்மையைக் கூட்டிட்டு உடனே மேக்க போயிருங்க. திருச்செந்தூர்ல கடல் உள்வாங்கிட்டாம்லா!"

எங்க தோட்டத்துக்கும் கடலுக்கும் நாலு கிலோமீட்டர் இருக்கும். "எல, இப்பதான் ரெண்டாவது பாத்திக்கு மடை திருப்பியிருக்கேன். கடல் வந்தா வரட்டும், வரப்புல நிறுத்தி வைக்கேன்"னு சொன்னேன். அவன் சிரிக்கலை. அடுத்து மச்சான், கோயம்புத்தூர்ல இருந்து. அதுக்கடுத்து பெங்களூருல இருக்கிற தங்கச்சி மகள். மூணு பேரும் ஒரே செய்தியை ஒரே படத்தோட பார்த்திருக்காங்க. பச்சைப் பாசி பிடிச்ச பாறை, அதுக்கு அங்கிட்டு கடல்.

சாயங்காலம் உரம் வாங்கப் போன சாக்குல நானும் கோயில் பக்கம் போய்ப் பார்த்தேன். நாழிக்கிணறு பக்கத்துல எப்பவும் போல கூட்டம். காலையில வெளிய தெரிஞ்ச பாறையெல்லாம் திரும்பத் தண்ணிக்குள்ள போயிருந்துது. சுண்டல் விக்கிற அம்மாகிட்ட, "கடல் உள்வாங்கிச்சாமே?"ன்னு கேட்டேன். "ஆமா, பௌர்ணமிக்கு வாங்கும், அமாவாசைக்கும் வாங்கும். பிறவு குடுத்துரும். உங்களுக்குச் சுண்டல் வேணுமா, வேண்டாமா?"ன்னாங்க.

சூரியனும் சந்திரனும் பூமியும் ஒரே கோட்டுல வர்ற நாள்ல கடல் ஏறுறதும் கூடுதல், வத்துறதும் கூடுதல். இது கடற்கரையில பிறந்த பிள்ளைக்கு எழுத்துப் படிக்கும் முன்னாலேயே தெரியும். ஆனா 2004 டிசம்பர் 26-க்கு அப்புறம் இது தலைப்புச் செய்தி ஆயிட்டு. அந்த ஞாயித்துக்கிழமையைப் பார்த்தவங்க பயப்படுறதுல தப்பே இல்லை, அதை நான் கிண்டல் பண்ண மாட்டேன். மாசம் ரெண்டு தடவை வர்ற போனைப் பத்தித்தான் பேசுறேன்.

அன்னைக்கு ராத்திரி திண்ணையில உட்கார்ந்து யோசிச்சேன். நம்ம பக்கத்துல தலைப்புச் செய்தியால நடந்ததை விட, தலைப்புச் செய்தியைப் படிச்சிட்டு நடக்கும்னு நாம நினைச்சது எவ்வளவு பெரிசு! அதை எழுதி வைக்கலாம்னு தோணுச்சு. பட்டணத்துல இருந்து படிக்கிற தம்பி தங்கச்சிமார் சிரிக்கலாம். சிரிச்சு முடிச்சிட்டு, உங்க அப்பா அம்மாகிட்டேயும் கேட்டுப் பாருங்க. எல்லா வீட்டுலயும் ஒரு கோழிக் கதை இருக்கும்.

முதல்ல ஒரு பெருமையைச் சொல்லிக்கிடுறேன். தமிழ்நாட்டு டீக்கடைக்கே பேப்பர் படிக்கக் கத்துக்கொடுத்தவர் எங்க பக்கத்து ஊர்க்காரர். சி.பா. ஆதித்தனார், 1905-ல காயாமொழியில பிறந்தவர். தேரிக்காட்டு ஓரத்துல இருக்கிற ஊர் அது, செம்மண்ணும் பனையும். பாரிஸ்டர் படிச்சு, சிங்கப்பூர்ல வக்கீலா இருந்து, திரும்பி வந்து 1942-ல மதுரையில 'தந்தி' ஆரம்பிச்சார். பேச்சு வழக்குல இருக்கிற தமிழைத்தான் பேப்பர்ல எழுதணும்னு அவருக்குக் கொள்கை. செய்தியாளர்களுக்குன்னு 'இதழாளர் கையேடு'ன்னு ஒரு புத்தகமே எழுதி வச்சார். அதனாலதான் நாலாம் வகுப்போட நின்ன எங்க அப்பா, எழுத்துக்கூட்டி ஆரம்பிச்சு, பத்து வருசத்துல டீக்கடையில மத்தவங்களுக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டுற ஆளானார். கடை வாசல்ல சணல் கயித்துல போஸ்டர் தொங்கும். போஸ்டர்ல நாலு வார்த்தை. மீதியை ஊரே சேர்ந்து எழுதும்.

பேப்பர் பெருகுறதுக்கு முன்னாலயும் ஊர் எழுதிக்கிட்டுத்தான் இருந்துது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி, எம்டன்னு ஒரு ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு முன்னால வந்து நின்னு, சுமார் 130 குண்டு போட்டுட்டுப் போயிட்டு. பர்மா ஆயில் கம்பெனியோட எண்ணெய் டேங்க் பத்தி எரிஞ்சுது. மொத்தம் அரை மணி நேர வேலை. ஆனா ஜெர்மன்காரன் நாளைக்கு இறங்குறான், நாளன்னைக்கு இறங்குறான்னு சொல்லியே சென்னைக்காரங்க மூட்டை முடிச்சோட கிளம்பிட்டாங்க. இறங்கினவன் ஒருத்தனும் இல்லை. அந்தக் கப்பலுக்குள்ள செண்பகராமன் பிள்ளை இருந்தார்னு ஒரு பேச்சு இன்னைக்கும் நடக்கு. அதுக்கு ஆதாரம் கிடையாது, ஆனாலும் சொல்லுறவங்க நேர்ல டிக்கெட் கிழிச்சு ஏத்தி விட்ட மாதிரி சொல்லுவாங்க. அதே வருசம் நவம்பர் 9-ஆம் தேதி, கோகோஸ் தீவுப் பக்கம் ஆஸ்திரேலியாக்காரன் கப்பல் ஒண்ணு எம்டனை அடிச்சு ஒழிச்சிட்டு.

கப்பல் போயிட்டு, வார்த்தை மட்டும் நமக்கு மிஞ்சுச்சு. எங்க ஊர்ல இப்பவும் காரியக்காரனைப் பார்த்து "அவன் பெரிய எம்டன்லா"ம்பாங்க. சொல்லுறவனுக்குக் கப்பலும் தெரியாது, ஜெர்மனியும் தெரியாது. 2006-ல 'எம்டன் மகன்'னு படம் எடுத்தாங்க. தமிழ்ப் பேரு வச்சா வரி கிடையாதுன்னு அரசாங்கம் சொன்னதும் அது 'எம் மகன்' ஆயிட்டு. குண்டு போட்டவனை வரிச்சலுகை போட்டு விரட்டின கதை இது ஒண்ணுதான் இருக்கும்.

1942-ல இதே கதை கொஞ்சம் நிஜமாகவே நடந்துது. ஏப்ரல் 5-ஆம் தேதி ஜப்பான்காரன் கொழும்புல குண்டு போட்டான். கொழும்புன்னா எங்களுக்கு அடுத்த தெரு மாதிரி. இந்தக் கரையில பாதி வீட்டுக்கு அங்க கடை இருந்துது. சென்னையைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. மிருகக்காட்சி சாலையில இருந்த சிங்கம் புலியைக்கூட, குண்டு விழுந்து கூண்டு உடைஞ்சா ஊருக்குள்ள வந்துரும்னு பயந்து, சுட்டுப் போட்டாங்க. ஜப்பான் படை வரவே இல்லை. செத்தது கூண்டுல இருந்த புலிதான். இதை எப்ப நினைச்சாலும் எனக்குச் சிரிப்பு வரமாட்டேங்கு.

1962 வேற மாதிரி. பிப்ரவரி 3-ல இருந்து 5 வரைக்கும் எட்டுக் கிரகம் மகர ராசியில ஒண்ணு கூடுது, உலகம் அழிஞ்சிரும்னு நாடு முழுக்கப் பேச்சு. வடக்க பெரிய பெரிய யாகமெல்லாம் நடத்தினாங்க. எங்க அப்பாவுக்கு அந்தத் தையிலதான் கல்யாணம் வைக்கிறதா இருந்துது. அம்மாவைப் பெத்த தாத்தா பரியம் போட்ட அன்னைக்கே சொல்லிட்டாராம்: "உலகம் இருக்கான்னு பார்த்துட்டு வச்சுக்கிடுவோம். பந்தல் செலவாவது மிஞ்சும்." உலகம் இருந்துது. வைகாசியில கல்யாணம். அதுக்குள்ள வெல்லம் விலை ஏறிட்டுன்னு ரெண்டு தாத்தாவும் சண்டை போட்டு, அந்தச் சண்டை எனக்கு விவரம் தெரியிற வரைக்கும் இருந்துது.

இனி எங்க கோழிக்கு வாரேன்.

1979. நான் அஞ்சாம் வகுப்பு. ஆனி மாசம். போஸ்டர்ல ஒரு புது வார்த்தை தொங்குச்சு: ஸ்கைலாப். அமெரிக்காக்காரன் 1973-ல மேல அனுப்பின ஆராய்ச்சிக்கூடம். எடை 77 டன். அதுல கடைசியா இருந்தவங்க 1974 பிப்ரவரியிலேயே இறங்கி வந்துட்டாங்க, வீடு மட்டும் தனியா மேல சுத்திக்கிட்டு இருந்துது. சூரியனோட கொதிப்பு நினைச்சதை விடக் கூடிட்டதால மேல இருந்த காத்து உப்பி, அந்தக் காத்து உரசி உரசி வீடு கீழ இறங்கிட்டு. இனி விழும், ஆனா எங்க விழும்னு சொல்ல முடியாதுன்னு அமெரிக்காக்காரனே சொல்லிட்டான்.

இவ்வளவுதான் செய்தி. எங்க அப்பா டீக்கடையில படிச்சதும் இவ்வளவுதான். ஆனா டீக்கடையில இருந்து செய்தி பனங்காட்டைத் தாண்டுறதுக்குள்ள, 77 டன்னு எழுநூறு டன் ஆச்சு. எங்க விழும்னு தெரியாதுன்னு சொன்னது, இங்கதான் விழும், அமெரிக்காக்காரன் மறைக்கான்னு ஆச்சு. கடல்ல விழுந்தா அலை தேரி வரைக்கும் வரும்னு ஒருத்தர். தரையில விழுந்தா எங்க தாலுகாவே குளமாயிரும்னு இன்னொருத்தர். "குளமானா நல்லதுலா, தண்ணிக் கஷ்டம் தீருமே"ன்னு மூணாவது ஆள் கேட்டாராம். அவருக்கு அன்னைக்கு டீ கிடைக்கலை.

அடுத்த கட்டம்தான் தமிழ்நாட்டுல பல ஊர்லயும் நடந்தது. சாகத்தான் போறோம், சாப்பிட்டுட்டுச் சாவோம். ஊருக்குள்ள ஆடு, கோழி எல்லாம் ஒண்ணொண்ணா அடுப்புக்குப் போச்சு. ஞாயித்துக்கிழமை மட்டும் மணக்கிற தெரு தினமும் மணந்துது.

எங்க வீட்டுல ஏழு கோழி, ஒரு கிடா. கோழி ஆச்சியோடது. கிடா, சுடலைமாடனுக்கு நேர்ந்து விட்டது, கொடைக்கு இன்னும் மாசம் இருந்துது. அப்பாவுக்கு இந்தச் செய்தியில நம்பிக்கை இல்லை, ஆனா கோழிக்குழம்புல நம்பிக்கை உண்டு.

"ஏம்மா, எல்லாரும் அடிக்காவ. நாம மட்டும் கோழியை யாருக்கு வச்சிட்டுப் போறது?"

"அடி. ஆனா கிடா மேல கை வச்ச, ஸ்கைலாப்பு விழுந்து சாகிறதுக்கு முன்னால சுடலை உன்னைக் கொன்னுருவான்."

ஆச்சி சொன்னதுல ஒரு நியாயம் இருந்துது. ஸ்கைலாப் விழலாம், விழாமலும் போகலாம். சுடலை அப்படி இல்லை. கிடா தப்பிச்சுது. கோழி ஏழும் நாலு நாள்ல முடிஞ்சுது. அடைக்கு உட்கார்ந்திருந்த கோழியைக்கூட விடலை. அதைப் பிடிக்கப் போன அப்பா கையில அது கொத்தின தழும்பு சாகிற வரைக்கும் இருந்துது.

ஜூலை 11, புதன்கிழமை ராத்திரி. வீட்டுக்குள்ள படுத்தா ஓடு தலையில விழும், வெளிய படுத்தா ஸ்கைலாப்பே தலையில விழும். இந்த வாதம் முடியாம, பாதித் தெரு அம்மன் கோயில் திடல்ல பாயை விரிச்சுப் படுத்துது. எங்களை மாதிரிப் பிள்ளைகளுக்கு அது கொடை ராத்திரி மாதிரி. வானத்தையே பார்த்துக்கிட்டுக் கிடந்தோம். ஒரு எரிநட்சத்திரம் ஓடுச்சு. "ஐயோ"ன்னு ஒரே சத்தம். எங்க ஆச்சி மட்டும் எந்திரிச்சு உட்கார்ந்து, கிடா கட்டின இடத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுட்டுத் திரும்பப் படுத்துட்டா.

நம்ம கணக்குக்கு ராத்திரி பத்து மணி வாக்குல அது இந்தியப் பெருங்கடல்லயும் ஆஸ்திரேலியாவோட மேற்குப் பக்கத்துலயும் துண்டு துண்டா விழுந்துட்டு. எங்களுக்கு ரேடியோவுல காலையிலதான் தெரிஞ்சுது. யாருக்கும் காயம் இல்லை. எஸ்பெரன்ஸ்னு அங்க ஒரு ஊரு. அந்த ஊர்க்காரங்க அமெரிக்காவுக்கு, குப்பை கொட்டினதுக்காக 400 டாலர் அபராதம் போட்டாங்க. அமெரிக்கா கட்டலை. 2009-ல ஒரு ரேடியோக்காரர் நேயர்கள்கிட்ட வசூல் பண்ணித்தான் அதைக் கட்டி முடிச்சார். அதே ஊர்ல 17 வயசுப் பையன் ஒருத்தன் வீட்டு மேல விழுந்த துண்டுகளைப் பொறுக்கிக்கிட்டு சான்பிரான்சிஸ்கோவுக்குப் பறந்து, முதல்ல கொண்டு வர்றவனுக்குன்னு அங்க ஒரு பேப்பர் அறிவிச்சிருந்த 10,000 டாலர் பரிசை வாங்கிட்டான். எம்டனையும் ஆஸ்திரேலியாக்காரன்தான் ஒழிச்சான், ஸ்கைலாப்பையும் அவன்தான் தாங்கினான். நமக்குன்னு பயந்தது எல்லாம் அவன் தலையிலேயே போய் முடியுது. அவனுக்கு நாம ஒரு கடிதாசியாவது போட்டிருக்கணும்.

அது விழுந்த நாலாவது நாள், ஜூலை 15, மொரார்ஜி தேசாய் பிரதமர் பதவியை ராஜினாமா பண்ணினார். டீக்கடையில "நம்ம நாட்டுல விழ வேண்டிய துண்டு அதுதான்"னு சொல்லிச் சிரிச்சாங்க.

எங்க ஆச்சியோட கணக்கு தனி. கிடாவைத் தொடாததால சுடலை அதை ஒரு தட்டுத் தட்டி, தெற்க தள்ளி விட்டுட்டான். படத்துல பார்த்தா ஆஸ்திரேலியா நமக்குத் தெற்கயும் கிழக்கயும்தான் இருக்கு. அவளை மறுத்துப் பேச யாருக்கும் வாய் வரலை.

சிரிப்பு இதோட முடிஞ்சுது. ஸ்கைலாப் விழலை, ஆடி வந்துட்டு. பக்கத்து வீட்டுப் பெரியப்பா, கோழி தீர்ந்ததும் விதைக்கடலையையும் அவிச்சுத் தின்னுட்டார். சாகிறவனுக்கு எதுக்கு விதைன்னு. ஆடிப்பட்டத்துக்கு விதைக்கடலை கடன் வாங்கினார். அந்த வருசம் மழை சரியில்லை, கடன் அடையலை, மறுவருசம் ரெண்டு மாட்டுல ஒண்ணு போச்சு. எங்க வீட்டுல முட்டைக்காசு நின்னுட்டு. அந்த முட்டைக்காசு ஆச்சியோட முந்தானையில முடிஞ்சு கிடக்கும், அதுலதான் எனக்கும் அக்காவுக்கும் நோட்டு வாங்குறது. அந்த வருசம் பழைய நோட்டுகள்ல எழுதாம இருந்த தாளையெல்லாம் பிச்சு, கோணி ஊசியால தைச்சு, அம்மா ஒரு நோட்டு செஞ்சு கொடுத்தா. அதுல முதல் பக்கம் கோடு போட்டது, ரெண்டாவது கட்டம் போட்டது, மூணாவது வெள்ளை. வாத்தியார் ஒண்ணும் சொல்லலை. அவர் வீட்டுலயும் கோழி முடிஞ்சிருக்கும்.

ஆறு வருசம் முன்னால, எங்க சித்தப்பா ஒருத்தர் பேப்பரைப் படிச்சுப் பணக்காரர் ஆகப் பார்த்தார். 1973. தூத்துக்குடியில இருக்கிற மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துல கே. அழகர்சாமிங்கிற விஞ்ஞானி, சிப்பிக்குள்ள முத்து வளர வச்சுக் காட்டிட்டார். இந்தியாவுல அதுதான் முதல் தடவை. இந்தக் கரைக்கு அது சாதாரணச் செய்தி இல்லை. பாண்டியர் காலத்துல இருந்து முத்துக்குப் பேர் போன கடல். போர்ச்சுகீசியன், டச்சுக்காரன், இங்கிலீஷ்காரன்னு வந்தவன் எல்லாம் இந்தச் சிப்பிக்கு அடிச்சுக்கிட்டான். சுதந்திரத்துக்கு அப்புறம் 1955-ல இருந்து 1961 வரைக்கும் முத்துக்குளிப்பு நடந்துது, அதோட கடல் கையை விரிச்சிட்டு. அப்படி இருக்கும்போது, முத்தை நாமளே வளர்க்கலாம்னா?

செய்முறை என்னன்னா, சிப்பியை லேசாத் திறந்து, ஓட்டுல செஞ்ச ஒரு மணியையும் இன்னொரு சிப்பியோட சதைத் துணுக்கையும் உள்ள சரியான இடத்துல வைக்கணும். அப்புறம் கடல்லயே தொங்க விட்டு மாசக்கணக்குல பாதுகாக்கணும். ஆபரேசன் மாதிரி வேலை. சித்தப்பாவுக்கு டீக்கடை வழியா வந்து சேர்ந்தது, "சிப்பிக்குள்ள ஒரு பொடிக்கல்லைப் போட்டா முத்து"ங்கிற அளவுலதான். மீன்காரர்கிட்ட சொல்லி ஒரு சாக்குச் சிப்பி வாங்கினார். அதெல்லாம் முத்துச்சிப்பிதானான்னுகூட யாரும் பார்க்கலை. மாட்டுத் தொட்டியில தண்ணியை ஊத்தி, நாலு படி உப்பைக் கரைச்சு, ஒவ்வொரு சிப்பிக்குள்ளயும் ஒரு மணலைத் திணிச்சு இறக்கிட்டார். மாட்டைத் தண்ணி குடிக்கத் தெரு அடிபம்புக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மூணாம் நாள் வீட்டுல யாரும் சோறு திங்க முடியலை. நாலாம் நாள் தெருவுல யாரும் திங்க முடியலை. அஞ்சாம் நாள் ஊர்ப் பெரியவங்க வந்து, "ஏ தம்பி, முத்து விளைஞ்சதும் எங்களுக்குப் பங்கு வேண்டாம், இப்ப இதைக் கொண்டு புதை"ன்னுட்டாங்க. புதைச்ச இடத்துல நின்ன முருங்கை அந்த வருசம் காய்ச்ச காய்ப்பு, அதுக்கு முன்னாலயும் இல்லை, பின்னாலயும் இல்லை. எனக்கு அப்ப நாலு வயசு, இதெல்லாம் அம்மா சொல்லிக் கேட்டது. சித்தப்பா இருந்த வரைக்கும் அவர் முன்னால யாரும் முத்துன்னு பேரு வச்ச ஆளைக்கூட அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க.

எனக்குப் பேப்பர் லாபம் கொடுத்தது ஒரே ஒரு நாள்தான். 1995 செப்டம்பர் 21. அன்னைக்குப் பேப்பரே தேவைப்படலை, டெல்லியில விடிய முன்ன பிள்ளையார் பால் குடிச்ச செய்தி போன்லயே பறந்து சாயங்காலத்துக்குள்ள இங்க வந்துட்டு. மறுநாள் எல்லாப் பேப்பர்லயும் அதுதான். லண்டன்ல இருக்கிற கோயில்லயும் குடிச்சாராம். கரண்டியில பாலை எடுத்துச் சிலையோட துதிக்கையில ஒட்டி வச்சா, பாலோட மேற்பரப்பு இழுவிசையால அது கல்லு மேல படர்ந்து வழிஞ்சிரும், கரண்டி காலியாயிரும். டெல்லியில விஞ்ஞானிகள் கலர் கலந்த பாலைக் கொடுத்துக் காட்டினாங்க, சிலை மேல கலர் வழிஞ்சு இறங்குனது தெரிஞ்சுது. ஆனா வரிசையில நின்னவங்களுக்கு அதைக் கேட்க நேரம் இல்லை.

எங்ககிட்ட அப்ப ஒரு பசு, நேரத்துக்கு மூணு லிட்டர் கறக்கும். சாயங்காலம் வாசல்ல செம்பும் தூக்குமா இருபது பேரு. சொசைட்டியில கொடுக்கிறதைப் போல ரெண்டு பங்கு, பிறகு மூணு பங்கு விலை. நானும் கொடுத்தேன். ஏன் பொய் சொல்ல, சந்தோசமாகவே கொடுத்தேன். கடைசிச் செம்பையும் ஊத்திட்டுத் திரும்பினா, எம் பொண்டாட்டி தூணைப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. இடுப்புல எட்டு மாசப் பிள்ளை.

"பிள்ளையாருக்கு ஊத்திட்டிய. இந்தப் பிள்ளை யாரு?"

அன்னைக்கு ராத்திரி பத்து மணிக்கு, செம்பைத் தூக்கிக்கிட்டு நான் மூணு தெரு அலைஞ்சேன். பாலுக்கு மூணு பங்கு விலை கொடுக்கத் தயாரா இருந்தேன். எங்கயும் இல்லை. கடைசியில கோயில்ல குருக்களய்யா, நாளைக்கு அபிஷேகத்துக்குன்னு எடுத்து வச்சதுல ஒரு டம்ளர் கொடுத்தார். காசு வாங்கலை. "அவர் குடிச்சு மிச்சம்தான்"னு சொல்லிச் சிரிச்சார்.

அடுத்தது சேதுசமுத்திரம். இது செய்தி இல்லை, எங்க ஜில்லாவோட கன்னித்தீவு. 1860-ல டெய்லர்னு ஒரு கடற்படைக்காரர் சொன்ன யோசனை. வெள்ளைக்காரன் கமிட்டி போட்டான், சுதந்திரம் வந்து 1955-ல ராமசாமி முதலியார் தலைமையில கமிட்டி போட்டாங்க, பிறகும் போட்டாங்க. எங்க தாத்தா சாகும்போதுகூடக் கால்வாய் வரப்போகுதுன்னு சொல்லிட்டுத்தான் செத்தார். 2005 ஜூலை 2-ல மதுரையில வச்சு மன்மோகன் சிங் தொடங்கி வச்சார். 2,427 கோடி ரூபாய்த் திட்டம், 167 கிலோமீட்டர் நீளம். கப்பல் இலங்கையைச் சுத்தாம நேரா வரும், முப்பது மணி நேரம் வரைக்கும் மிச்சம்னு கணக்குச் சொன்னாங்க. தூத்துக்குடி இனி சிங்கப்பூர்தான்னு டீக்கடையில முடிவாயிட்டு.

சிங்கப்பூர் ஆகப்போற ஊருக்குப் பக்கத்துல நம்ம பேருல ஒரு பிளாட் இருக்கட்டுமேன்னு நானும் ஆசைப்பட்டேன். உடைமரக் காட்டுக்குள்ள மஞ்சள் பெயிண்ட் அடிச்ச கல்லு நட்டு, வளைவு எல்லாம் வச்சிருந்தாங்க. வாழைத்தார் வித்த காசு பதினஞ்சாயிரம், அட்வான்ஸ். 2007-ல சுப்ரீம் கோர்ட் ராமர் பாலம் இருக்கிற இடத்துல தோண்டக் கூடாதுன்னு தடை போட்டுது. யாரு பக்கம் நியாயம்னு நான் இங்க பேச வரலை, அதுக்கு எங்க டீக்கடையில தினமும் ஆள் இருக்கு. பிளாட் போட்டவர் ஆபீசைப் பூட்டிட்டுப் போயிட்டார். போன வருசம் அந்தப் பக்கம் ஆடு தேடிப் போனப்ப வளைவு இன்னும் நிக்கு. மேல எழுத்து இல்லை, காக்கா கூடு கட்டியிருக்கு. என் பிளாட் எதுன்னு தேடிப் பார்த்தேன், எல்லாக் கல்லும் ஒண்ணு போலத்தான் இருக்கு.

இப்ப எங்க டீக்கடையில தொங்குற வார்த்தை ராக்கெட்.

குலசேகரன்பட்டினம் எங்களுக்குத் தெற்க. தசராவுக்குக் காளி வேசம் போட்டுக்கிட்டு லட்சக்கணக்குல ஆளுக வர்ற ஊரு. அங்க இஸ்ரோவோட ரெண்டாவது ஏவுதளம் வருது. ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து தெற்க போகிற ராக்கெட்டு இலங்கைக்கு மேல பறக்கக் கூடாதுன்னு வளைஞ்சு போகணும், அதுல எரிபொருள் வீணாகும், சின்ன ராக்கெட்டுக்குக் கட்டுப்படி ஆகாது. குலசையில இருந்து விட்டா நேர் தெற்க கடல்தான், தடுக்க ஒண்ணும் இல்லை. அதனால இந்த இடம். 2024 பிப்ரவரி 28-ல பிரதமர் தூத்துக்குடிக்கு வந்து அடிக்கல் நாட்டினார். அதுக்குப் பேப்பர்ல வந்த ஒரு விளம்பரத்துல, ராக்கெட் மேல சீனாக்கொடி இருந்துது. ஊரே சிரிச்சுது, அதுவே ரெண்டு நாளைக்குத் தலைப்புச் செய்தியா ஓடுச்சு.

இதுக்குன்னு 2,000 ஏக்கருக்கு மேல நிலம் எடுத்தாங்க. அதுல என் நிலம் இல்லை. ஆனா கொஞ்சம் தள்ளி, ஆச்சி வழியில வந்த எண்பது சென்ட் இருக்கு. இருபத்திரண்டு பனை, நாலு வரிசை முருங்கை. ரெண்டு வருசம் முன்னால வரைக்கும் அதைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லை. இப்ப புரோக்கர் தம்பி வாரம் ஒருக்க வாரான்.

"அண்ணாச்சி, ராக்கெட் வருது. ஓட்டல் வரும், ரோடு வரும், வெளிநாட்டுக்காரன் வருவான். இப்ப குடுத்தா நல்ல விலை. நாளைக்கு, ராக்கெட் விடுற பக்கம் யாரும் இருக்கக் கூடாதுன்னு சர்க்கார் சொல்லிட்டா இந்த விலை கிடையாது."

ஒரே மூச்சுல நிலம் தங்கம் ஆகப்போகுதுங்கான், மண்ணாவும் ஆகப்போகுதுங்கான். எனக்கு 1979 டீக்கடை ஞாபகம் வருது.

மகன் குடுக்கச் சொல்லுதான். அவனுக்குச் சென்னையில வீட்டு லோன் இருக்கு, அவன் கேக்கதும் தப்பில்லை. மகளுக்கு அடுத்த வருசம் கல்யாணம் பார்க்கணும். முருங்கை விலை கிலோ அஞ்சு ரூபாய்க்குப் போற மாசம், எனக்கே குடுத்துரலாம்னு தோணும். பதநீர் காலத்துல அந்தப் பனைக்குக் கீழ போய் நின்னா தோணாது. எங்க ஆச்சி இருந்தா இதுல கிடா எது, கோழி எதுன்னு ஒரு வார்த்தையில சொல்லியிருப்பா.

அடிக்கல் நாட்டின அன்னைக்கே சோதனையா ஒரு சின்ன ரோகிணி ராக்கெட் விட்டாங்க. அன்னைக்கு வரப்புல நின்னு வானத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். 1979-ல கோயில் திடல்ல கிடந்து பார்த்த மாதிரியே கழுத்து வலிச்சுது. அப்ப மேல இருந்து கீழ வரும்னு பார்த்தோம், இப்ப கீழ இருந்து மேல போகும்னு பார்க்கோம். எனக்கு ஒண்ணும் தட்டுப்படலை. பக்கத்து வயல்ல நின்னவன் பார்த்தேன்னு சத்தியம் பண்ணுதான்.

புரோக்கர் தம்பி ஞாயித்துக்கிழமை வாங்குற ஆளையே கையோட கூட்டிட்டு வாரேன்னு சொல்லியிருக்கான். தூரத்துல இருந்து வாரவங்க, சாப்பாடு போடணும்னு எம் பொண்டாட்டிகிட்ட சொன்னேன். வீட்டுல இப்ப ஒன்பது கோழி நிக்கு.

"வாரவங்களுக்குச் சாம்பார் வைக்கேன்"னுட்டா.